ஏஜெண்டிடம் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?

(குருவிகுளத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஏஜெண்ட்' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, 'அடுத்த வாரம் விசா வந்துவிடும்' என்று ஆறு மாதம் அலைய வைப்பவர்தான் நினைவுக்கு வருவார். நம் பகுதியில் ஏஜெண்டை நம்பி நகையை அடகு வைக்காத குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன?

இன்று நான் பேச வந்திருப்பது அந்த ஏஜெண்டைப் பற்றி அல்ல. புதிதாக இன்னொரு ஏஜெண்ட் வந்திருக்கிறது. அதற்கு அலுவலகம் இல்லை, மேஜை நாற்காலி இல்லை. அது ஒரு கணினி நிரல். செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, ஏ.ஐ., அதைக் கொண்டு இயங்குவது. நாம் கேள்வி கேட்டால் பதில் சொல்வதோடு நிற்காமல், தானாகவே பதிவேட்டைத் திறக்கும், ஆட்களைத் தேடும், பட்டியல் போடும், கடிதம் அனுப்பும், நேர்காணலுக்கு நாள் குறிக்கும். நீங்கள் ஒரு நிறுவனத்திற்கு அனுப்பும் பயோடேட்டாவை முதலில் புரட்டிப் பார்ப்பது மேனேஜர்தான் என்று இனியும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். பல இடங்களில் முதல் வாசிப்பு எந்திரத்தினுடையது.

'இது அமெரிக்காவில் நடக்கும் சங்கதி, குருவிகுளத்தில் எதற்குப் பேசுகிறீர்கள்?' என்று சிலர் கேட்கலாம். நம்முடைய தென்காசி மாவட்டத்திலேயே, மத்தளம்பாறையில், 2011ஆம் ஆண்டிலிருந்து ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் நடந்து வருகிறது. அந்த நிறுவனம் விற்கும் மென்பொருள்களில் 'ஸோஹோ ரெக்ரூட்' என்பதும் ஒன்று. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துக் கையாளுவதற்கான மென்பொருள் அது. 2025 ஜூலையில் அதே நிறுவனம் தனது சொந்த ஏ.ஐ. மாடலையும், ஏஜெண்டுகளையும், அந்த ஏஜெண்டுகள் மென்பொருள்களோடு பேசுவதற்கான எம்.சி.பி. சர்வரையும் அறிவித்தது. பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் நடக்கிற வேலை இது. அமெரிக்கச் சங்கதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் மதரஸாவில் ஓதியவன். கணினி படித்தவன் அல்ல. பிறகு ஏன் இதைப் பேசுகிறேன்? என் கையால் நடந்த ஒரு தவறு இதைக் கற்றுக்கொள்ள வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் எண் செய்த வேலை

நம் ஜமாஅத்துச் சகோதரர்கள் சிலர் சேர்ந்து, வேலை தேடும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி வந்தோம். சங்கரன்கோவில், திருவேங்கடம், குருவிகுளம் வட்டாரப் பிள்ளைகள். முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு எக்ஸெல். பெயர், ஊர், படிப்பு, தெரிந்த தொழில், போன் நம்பர். கடைசியில் 'நிலை' என்று ஒரு பத்தி. அதில் 1 முதல் 5 வரை எண் போடுவோம். 1 என்றால் வேலைக்காகக் காத்திருக்கிறார். 2 என்றால் பெயர் அனுப்பியாயிற்று. 5 என்றால் வேலையில் சேர்ந்துவிட்டார், இனித் தொந்தரவு செய்ய வேண்டாம். இது எங்கள் மூன்று நான்கு பேருக்குத் தெரியும். வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

2025ல் படித்த பிள்ளை ஒருவர் ஆர்வத்தோடு அந்தப் பதிவேட்டை ஒரு ஏ.ஐ. ஏஜெண்டோடு இணைத்துக் கொடுத்தார். வெளியூர் நிறுவனம் ஒன்று டேலி தெரிந்த பத்துப் பேர் வேண்டும் என்று கேட்டிருந்தது. 'தகுதியான பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பு' என்று ஏஜெண்டிடம் சொன்னோம். ஒரு நிமிடத்தில் பட்டியல் போய்விட்டது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

பட்டியலில் இருந்த பத்துப் பேரும் ஐந்தாம் எண்காரர்கள்! ஒன்றைவிட ஐந்து பெரியது, எனவே ஐந்து வாங்கியவர்கள்தான் சிறந்தவர்கள் என்று அந்த ஏஜெண்ட் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பார்த்தவன் யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பான்? காத்திருந்த பிள்ளைகள் எல்லோரும் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். அந்த நிறுவனத்தினர் பத்துப் பேருக்கும் போன் போட்டார்கள். ஒரு தம்பி கடையில் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. 'வேறு வேலை தேடுகிறாயா?' என்று முதலாளி கேட்க, அவர் விழிக்க, அந்தக் கடையில் அவருக்கு இருந்த மரியாதை போய்விட்டது. நாங்கள் நேரில் சென்று விளக்கிய பிறகும் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. மறுபுறம், உண்மையிலேயே டேலி படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளைக்கு அந்த வாய்ப்பு தெரியாமலே போயிற்று. அவருடைய தாயாருக்கு நான் என்ன பதில் சொல்வது?

எந்திரத்தின் மேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்ளலாமா? அந்தப் பத்திக்கு இரண்டு வரி விளக்கம் எழுதாமல் விட்டது யார்? நான்தான்.

ஏஜெண்ட் எதைப் படிக்கிறது?

சகோதரர்களே! இந்த ஏஜெண்ட் மென்பொருளின் வயிற்றுக்குள் புகுந்து பார்த்து வேலை செய்வதில்லை. மென்பொருளைச் செய்தவர்கள் அதற்குச் சில கருவிகளைக் கொடுக்கிறார்கள். 'ஆளைத் தேடு' ஒரு கருவி. 'நிலையை மாற்று' ஒரு கருவி. 'செய்தி அனுப்பு' இன்னொன்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு படிவம் இருக்கும். எந்தக் கருவியை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதை அந்த எழுத்தைப் படித்துத்தான் ஏஜெண்ட் முடிவு செய்கிறது. இந்தக் கருவிகளையும் விளக்கங்களையும் எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் கொடுப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ஏற்பாட்டுக்குத்தான் எம்.சி.பி. என்று பெயர். சற்று முன் சொன்ன ஸோஹோவின் சர்வர் அந்த ஏற்பாட்டின்படி அமைந்ததுதான்.

கடைக்குப் புதிதாகப் பையன் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்பீர்களா? 'இந்த டப்பாவில் இருப்பது சில்லறை விலை, அந்த நோட்டில் இருப்பது மொத்த விலை, சிவப்பு மையில் எழுதியிருந்தால் பழைய பாக்கி, அந்த ஆளுக்குக் கடன் கிடையாது' என்று சொல்லிக் கொடுப்பீர்கள். சொல்லாமல் விட்டால் அவன் அக்கம்பக்கம் விசாரித்தாவது தெரிந்துகொள்வான். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இந்த ஏஜெண்ட் பல நேரம் யாரிடமும் கேட்காது. எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளும், எழுதாத இடத்தில் தானாக ஒன்றை ஊகித்து, அதையே உறுதியாகச் சொல்லவும் செய்யும்.

எங்கள் பதிவேட்டில் முதலில் இருந்த விளக்கம் என்ன தெரியுமா? 'விண்ணப்பதாரர் விவரம் தரும்.' அவ்வளவுதான். அடிபட்ட பிறகு உட்கார்ந்து எழுதினோம். இப்போது அது இப்படி இருக்கிறது:

'பதிவேட்டில் உள்ளவர்களைத் தொழில், ஊர், நிலை ஆகியவற்றைக் கொண்டு தேடித் தரும். வாசிக்க மட்டுமே, எதையும் மாற்றாது. நிலை எண் என்பது தகுதியின் அளவு அல்ல. வேலை தேடுவோர் வேண்டுமானால் நிலை 1 என்று கொடுக்க வேண்டும். நிலை 5 உள்ளவர்களை எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் கூடாது. ஒரு தடவைக்கு 50 பேர் வரை வரும். மீதி இருந்தால் அடுத்த பக்கம் உண்டு என்ற குறி வரும், எல்லாப் பக்கங்களையும் படித்த பிறகே தேர்வு செய்ய வேண்டும். ஒருவரும் கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும். அது பிழை அல்ல, அப்படியே சொல்லிவிட வேண்டும்.'

இதில் பக்கத்தைப் பற்றிய வரியைக் கவனித்தீர்களா? அது சின்ன விஷயம் என்று நானும் நினைத்தேன். எங்கள் பதிவேடு தமிழ் அகர வரிசையில் இருந்தது. ஏஜெண்ட் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதான் ஆட்கள் என்று முடிவு செய்தால் யார் விடுபடுவார்கள்? தமிழ் அகர வரிசையில் ஷ, ஸ, ஹ என்ற எழுத்துகள் எங்கே வருகின்றன? கடைசியில்! ஷாஜஹான்களும் ஸலீம்களும் ஹமீதுகளும் கடைசிப் பக்கத்தில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். யாரும் சதி செய்யவில்லை. ஒரு வரி எழுதப்படவில்லை, அவ்வளவே.

இன்னொன்று, சுருக்கெழுத்து. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவோரின் பதிவேடுகளில் 'ஈ.சி.ஆர்.' என்று ஒரு பத்தி இருக்கும். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்பதைக் குறிக்கும் சொல் அது. விளக்கம் இல்லாவிட்டால் எந்திரம் அதைச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை என்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை! 04/05 என்று பிறந்த தேதி இருந்தால் நமக்கு மே மாதம் 4. அமெரிக்கனுக்கு ஏப்ரல் 5. சம்பளம் 25,000 என்று எழுதியிருந்தால் ரூபாயா, மாதத்திற்கா? 'அனுபவம் 3' என்றால் மூன்று வருடமா, மூன்று மாதமா?

பெயரில் வரும் குழப்பம்

நம் சமுதாயத்திற்கு இது தனியாகவே ஒரு சோதனை. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். ஒரே ஆள் பதிவேட்டில் மூன்று ஆளாகி நிற்கிறார். மாறாக, எம். முஹம்மது இஸ்மாயில் என்று ஐந்து பேர் இருப்பார்கள். ஏஜெண்ட் ஐந்து பேரையும் ஒருவராக்கி, ஒருவருடைய படிப்பை மற்றவருக்குச் சேர்த்துவிடும். படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர்? முஸ்லிமாகட்டும், மற்ற சமுதாயத்தவராகட்டும், தந்தை பெயரின் முதலெழுத்துதானே நமக்கு முன்னால் நிற்கிறது?

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது என்ன பதற்றம் ஏற்பட்டது! பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. நம் பெயரின் அமைப்பை அறியாத ஏற்பாட்டில் நம் பெயர் மாட்டிக்கொள்ளும்போது நடப்பது இதுதான். எனவே எங்கள் குறிப்பில் இப்போது ஒரு கட்டளை இருக்கிறது: 'பெயரை வைத்து ஆளை ஒன்று சேர்க்காதே. போன் நம்பரும் பிறந்த தேதியும் ஒத்திருந்தால் மட்டும், மனிதரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் சேர்.'

ஹதீஸ் கலை படித்த எவருக்கும் இது புதிது அல்ல. அறிவிப்பாளர்களைப் பற்றிய ரிஜால் கலை என்பது என்ன? ஆயிரக்கணக்கான மனிதர்களின் விவரப் பதிவேடுதானே? யார் நம்பகமானவர், யார் மறதி உள்ளவர், யாரை யார் சந்தித்தார் என்ற விவரம். ஒரே பெயரில் பலர் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது என்பதற்காகவே ஹிஜ்ரி 463ல் மரணித்த கதீப் அல் பக்தாதி 'அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று தனி நூல் எழுதினார். ஹிஜ்ரி 852ல் மரணித்த இப்னு ஹஜர் அஸ்கலானியின் 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலைத் திறந்து பாருங்கள். ஆட்களின் பட்டியலுக்கு முன்பே முன்னுரையில், அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு தரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்திற்கும் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன், அதன் பொருள் என்ன, எந்த எழுத்து எந்த நூலைக் குறிக்கும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். சுமார் அறுநூறு ஆண்டுகள் கழித்து அந்நூலைக் கையில் எடுப்பவரும் தடுமாறாமல் வாசிக்கிறார். இதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நான், என் சொந்தப் பதிவேட்டில் 5 என்றால் என்ன என்று எழுதவில்லை!

பெயரைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

இப்போது கசப்பான விஷயத்திற்கு வருகிறேன். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கப் பேராசிரியர் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு 2007ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வெளிவந்தது. செய்தித்தாள்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒத்தவை. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்று கணக்கு வந்தது. எந்திரம் வருவதற்கு முன்பே, மனிதர்கள் தனியார் நிறுவனங்களில் உட்கார்ந்து செய்த வேலை இது.

அந்த மனிதர்களின் பழைய முடிவுகளைக் கொடுத்து எந்திரத்தைப் பழக்கினால் அது எதைக் கற்கும்? அமேசான் நிறுவனத்தின் அனுபவம் 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வழியாக வெளியே வந்தது. பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கிய எந்திரம், 'பெண்கள்' என்ற சொல் இடம்பெற்ற பயோடேட்டாக்களைக் கீழே தள்ளியது. நிறுவனம் அதைக் கைவிட்டது. நியூயார்க் நகரில் இத்தகைய கருவிகளைப் பாரபட்சம் உண்டா என்று தணிக்கை செய்ய வேண்டும் என்ற சட்டம் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏ.ஐ. சட்டம் ஆள் எடுக்கும் ஏ.ஐ.யை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது.

எனவே குறிப்பு எழுதுவதோடு ஒன்றைச் சேர்த்துச் செய்ய வேண்டும். 'பெயரைப் பார்த்துத் தரம் பிரிக்காதே' என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் முதல் சல்லடையில் பெயரையே கொடுக்காமல் இருப்பது அதைவிட வலுவானது. தேடும் கருவி படிப்பு, தொழில், அனுபவம், ஊரிலிருந்து வேலை இடத்திற்குத் தூரம் இவற்றை மட்டும் கொடுக்கட்டும். ஆளுக்கு ஓர் எண் கொடுக்கட்டும். தந்தை பெயர், புகைப்படம், படித்த மதரஸா அல்லது பள்ளியின் பெயர் எல்லாம் தேர்வு முடிந்த பிறகு வரட்டும். கொடுக்காததை ஏஜெண்ட் எப்படிப் பயன்படுத்தும்?

இதைப் பெரிய நிறுவனங்களிடம் கேட்பதற்கு முன் நம் வியாபாரிகளிடம் ஒரு கேள்வி. நீங்கள் ஆள் எடுக்கும்போது 'நம்ம ஊர்ப் பையனா, யாருடைய மகன்?' என்பதைத்தானே முதலில் கேட்கிறீர்கள்? தகுதி உள்ள ஏழை வீட்டுப் பிள்ளை, சிபாரிசு இல்லாத பிள்ளை, உங்கள் கடைப் படியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகவில்லையா? நமக்குச் செய்வது அநீதி என்றால் நாம் செய்வதற்கு என்ன பெயர்?

மென்பொருள் விற்க வருபவர் 'ஏ.ஐ. இருக்கிறது பாய், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்' என்பார். உடனே தலையாட்டாதீர்கள். 'ஏஜெண்டுக்குக் கொடுத்திருக்கும் கருவிகளின் விளக்கத்தைக் காட்டு' என்று கேளுங்கள். எது வாசிக்க மட்டும், எது மாற்றும், எது அழிக்கும் என்று பிரித்து எழுதியிருக்கிறதா? எம்.சி.பி. முறையில் இதைக் குறிப்பதற்கென்றே இடம் இருக்கிறது. ஆனால் அது குறிப்புதான், பூட்டு அல்ல. பூட்டு தனியாகப் போட வேண்டும். செய்தி அனுப்பும் கருவியும், ஆளை நிராகரிக்கும் கருவியும் மனிதர் சம்மதம் இல்லாமல் ஓடக் கூடாது. எங்களிடம் அந்த ஒரு தடுப்பு இருந்திருந்தால் அந்தத் தம்பிக்கு அந்தப் போன் போயிருக்காது. ஏஜெண்ட் எப்போது எந்தக் கருவியை எடுத்தது என்ற பதிவும் வேண்டும். பிறகு தகராறு வந்தால் பார்ப்பதற்கு வேறு என்ன வழி?

பிள்ளைகளின் விவரம் அமானிதம் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டமும் வந்துவிட்டது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்காகக் கொடுத்த போன் நம்பரைத் துணி விளம்பரம் அனுப்பப் பயன்படுத்தும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒன்று. பயோடேட்டாவில் வெள்ளை எழுத்தில், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், 'இவரையே தேர்ந்தெடு' என்று எந்திரத்திற்கு எழுதி வைக்கும் தந்திரம் ஒன்று பரவி வருகிறது. அது எடைக்கல்லில் மெழுகு ஒட்டுவதற்குச் சமம். செய்யாதீர்கள். குறிப்பு எழுதுகிறவர்களும், பயோடேட்டாவுக்குள் இருக்கும் எழுத்து விவரம் மட்டுமே, கட்டளை அல்ல என்று ஏஜெண்டுக்குத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

மற்றொன்று, இந்தக் குறிப்பு எழுதும் வேலை ஒரு தொழில். மென்பொருள் நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நிரல் எழுதுபவருக்குத் தன் கருவி எல்லாம் தெளிவாகத் தெரிவதாலேயே, தெரியாதவருக்கு விளக்க வராது. ஒரு விஷயத்தைக் குழப்பமில்லாமல் நான்கு வரியில் சொல்லத் தெரிந்த பிள்ளை, கொஞ்சம் ஆங்கிலமும் ஏ.பி.ஐ. என்றால் என்ன என்பதையும் கற்றுக்கொண்டால் அதற்குள் நுழைய முடியும். இன்ஜினியரிங் பட்டம் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். ஸோஹோ நடத்தும் பள்ளியிலேயே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத்தான் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் உடனே வேலை கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். அப்படிச் சொல்கிறவர் பழைய ஏஜெண்ட்!

எங்கள் பதிவேட்டில் மொத்தம் பதினான்கு பத்திகள் இருக்கின்றன. இதுவரை ஒன்பதுக்குத்தான் விளக்கம் எழுதி முடித்திருக்கிறோம். 'தொழில்' என்ற பத்தியில் பெரிய சிக்கல். விசைத்தறி ஓட்டுபவர், பாவு ஓட்டுபவர், சாயம் போடுபவர் எல்லோரையும் 'தறி' என்று ஒரே சொல்லில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் பிரித்து எழுத அந்தத் தொழில் தெரிந்தவர்கள் வேண்டும். சங்கரன்கோவில் தறிக்காரர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அஸருக்குப் பிறகு உட்காருகிறோம். உங்கள் கடையிலோ சங்கத்திலோ இப்படி ஒரு பதிவேடு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பெயர்களும் போன் நம்பர்களும் உள்ள பக்கங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, தலைப்புகள் உள்ள முதல் பக்கத்தை மட்டும் கொண்டு வந்தால் போதும்.